கம்பிவலைக்கு வெளியே

மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் தீய காற்று என்பது பொருள். காற்றன்று, நுளம்பின் கடியே நோயைத் தருவது என்பதை 1900ஆம் ஆண்டில் இத்தாலியே கண்ணாரக் கண்டது. றோமாபுரியை அடுத்த சதுப்பு வெளியிலே, கம்பிவலை அடித்த குடிலொன்றில் லோ, சம்போன் என்னும் மருத்துவர் இருவர் கோடை முழுவதும் வாழ்ந்தனர். பகலில் வெளியே உலவினர். மாலையானதும் உட்புகுந்து கதவடைத்தனர். கொயினா உண்டாரில்லை, காய்ச்சலும் அணுகவில்லை. அவ்வாண்டிலேயே கிராசி என்னும் அறிஞர் கப்பாச்சோச் சமவெளியிற் புகையிரதத் தொழிலாளரின் இல்லங்களுக்கு வலையடித்தார். காக்கப்பட்ட 112 பேரில் ஐவரே நோயுற்றனர். வலையற்ற அயலாரோ ஏறத்தாழ அனைவரும் நோய்வாய்ப்பட்டனர்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் வலையடிப்பதற்குக் கதவும் யன்னலுமுள்ள வீடு வேண்டுமே! அதே வெளியில் வைக்கோற் குடிசையில் உறங்கிய கூலி உழவனுக்கு அஃது ஏது?

இக்கேள்வி இத்தாலியோடு முடியவில்லை. வழி தெரிந்து 34 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1934-35இல் இலங்கையிற் பரவிய மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். வறுமையால் மெலிந்த கிராமத்து மக்களே அவருட் பெரும்பாலார். மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்ததோ 2016இல்.

கண்டுபிடித்தவரின் பெயரை மாணவருக்குச் சொல்லும் நாம், அக்கண்டுபிடிப்பு ஏழையின் குடிசையை எப்போது அடைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.