பழைய உடுப்பில் தைத்த வரலாறு

பழைய சாரன், நிறம் மங்கிய சட்டை, பிள்ளைகளுக்குக் கட்டையாகிப் போன காற்சட்டை. இவையெல்லாம் எங்கள் வீடுகளில் கடைசியில் எங்கே போகின்றன? கொஞ்சம் அடுப்படிக்குப் பிடிதுணியாக, கொஞ்சம் நிலம் துடைக்க, மிச்சம் குப்பையோடு நெருப்புக்கு.

வீட்டிலிருந்தபடியே துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கப் பழகலாமா, எப்படித் தொடங்குவது என்று சகோதரிகள் சிலர் கேட்டிருந்தார்கள். முறையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஆனால் நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். அந்த முறைக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். தைக்கும் முறை கடைசிப் பகுதியில் இருக்கிறது.

கதை நடப்பது அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில். அங்கே அலபாமா ஆறு வளைந்து திரும்பும் ஓர் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு கிராமம் இருக்கிறது. பெயர் கீஸ் பெண்ட். 'கீ என்பவரின் வளைவு' என்று பொருள். 1816 இல் ஜோசப் கீ என்ற வெள்ளைக்காரர், அடிமைகளாக வைத்திருந்த கறுப்பின மக்களைக் கொண்டுவந்து அங்கே பருத்தித் தோட்டம் தொடங்கினார். 1845 இல் அந்தத் தோட்டம் கடனுக்கு ஈடாக மார்க் பெட்வே என்பவரின் கைக்குப் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து ஏறக்குறைய நூறு அடிமைகளை அங்கே கொண்டுவந்தார். அவர் குடும்பம் வண்டியில் வந்தது. அடிமைகள் அந்த முழுத் தூரத்தையும் நடந்தே வந்தார்கள்.

இன்றும் அந்தக் கிராமத்தில் பலரின் குடும்பப் பெயர் பெட்வே. உறவால் வந்த பெயர் என்று நினைக்க வேண்டாம். தங்கள் மூதாதையரைச் சொத்தாக வைத்திருந்தவனின் பெயரையே அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறார்கள். சொந்தப் பெயர் பறிபோனவர்களின் கதை இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பெயரைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடிமை முறை ஒழிந்த பிறகும் காணி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே காணியில் பங்குக்குப் பயிர் செய்தார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடையில் கடன், விளைச்சல் வந்ததும் கடனுக்கே கழிவு. எங்கள் பகுதியில் போடியாரின் கணக்குக் கொப்பியைப் பார்த்து வளர்ந்த மூத்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1932 இல் பக்கத்து ஊரான கெம்டனில் அவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துபோனார். அவருடைய மனைவி கடன் முழுவதையும் உடனே வசூலிக்க ஆள் அனுப்பினார். வந்தவர்கள் மாடு, கோழி, கலப்பை, சேமித்து வைத்திருந்த சோளம் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவைக் கொண்டே மக்கள் தாண்டினார்கள்.

1937 இல் அரசாங்கத்துக்காக ஆர்தர் ரொத்ஸ்டீன் என்பவர் அங்கே எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடுகள். பலகை இடுக்கால் காற்று வராதபடி சுவர் முழுக்க ஒட்டிய பத்திரிகைத் தாள்கள். அப்படியான வீட்டில், உறைபனிக் காலத்தில், நிறையப் பிள்ளைகள் படுக்க வேண்டும். கடையில் போர்வை வாங்கக் காசில்லை. அங்கேதான் இந்த ஒட்டுப் போர்வைகள் பிறந்தன.

துணி எங்கிருந்து வந்தது? வயலில் உடுத்துக் கிழிந்த டெனிம் காற்சட்டை, முழங்கை போன சட்டை, மா மூட்டை, உர மூட்டை. உள்ளே வைக்க, வயலில் பொறுக்கி மிஞ்சிய பருத்தி. வெயிலில் வெளுத்த காற்சட்டையிலிருந்து பொக்கற்றைப் பிரித்தெடுத்தால், அந்த இடம் மட்டும் பழைய கடும் நீலத்திலேயே இருக்கும். அவர்கள் அதை மறைக்கவில்லை. அதையும் சேர்த்தே தைத்தார்கள். அந்தப் போர்வைகளில் இன்றும் பொக்கற்றின் வடிவத்தையும் முழங்கால் தேய்ந்த இடத்தையும் காணலாம். ஒரு மனிதர் எப்படி வேலை செய்தார் என்று அந்தத் துணியே சொல்கிறது.

ஒரு போர்வையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு 1942 இல் தைத்தது. கணவர் வேலைக்கு உடுத்த உடுப்புகளை எடுத்து, கிழித்து, நீளத் துண்டுகளாக ஒட்டி ஒரு போர்வை செய்தார். மகள் ஆர்லோன்சியா அப்போது பருவப் பெண். தாய் ஏன் அதைச் செய்தார் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். கணவரை மறக்காமலிருக்கவும், அந்த அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்கவும்தானாம். நீலமும் சாம்பலும் பழுப்புமாக, கறையோடும் தேய்வோடும் இருக்கும் அந்தத் துணியில் அலங்காரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவரை இழந்து, அவருடைய சேர்ட்டை அலுமாரியில் மடித்து வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அழகு பற்றிய எண்ணமே இல்லாமல் தைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. குளிர் முடிந்ததும் போர்வைகளை வெளியே கொடியில் காயப்போடுவார்கள். மற்றப் பெண்கள் நடந்து வந்து பார்ப்பார்கள். இவள் சிவப்பை எங்கே வைத்தாள், அவள் கோட்டை எங்கே முறித்தாள் என்று பார்த்து, வீட்டுக்குப் போய்த் தங்கள் விருப்பப்படி மாற்றித் தைப்பார்கள். அளவு வரைந்த தாளோ புத்தகமோ கிடையாது. தாயிடமிருந்து மகள், மாமியிடமிருந்து மருமகள் என்று பழகியதுதான்.

1960களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினார்கள். கீஸ் பெண்ட் மக்கள் வாக்காளராகப் பதிய ஆற்றைக் கடந்து கெம்டனுக்குப் போக வேண்டும். 1962 இல் அந்தப் படகுச் சேவையை நிறுத்திவிட்டார்கள். சில நிமிடத்தில் கடக்கும் ஆற்றுக்குப் பதிலாக, தரை வழியே ஒரு மணித்தியாலத்துக்கும் மேலான சுற்றுப் பயணம். 1965 இல் மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கிராமத்துக்கு வந்து பேசினார். வாக்குக் கேட்டதற்காகக் குடியிருந்த வீட்டையும் வேலையையும் இழந்தவர்கள் அந்த மாவட்டத்தில் பலர். நிறுத்திய படகு மறுபடி ஓடியது 2006 இல். 44 வருடங்கள்!

அந்த நெருக்கடிக்குள்தான் போர்வை வருமானமாக மாறியது. பிரான்சிஸ் வோல்ட்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் போகும்போது கொடியில் தொங்கிய போர்வைகளைக் கண்டார். 1966 இல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற தையல் கூட்டுறவை அமைத்தார்கள். போர்வைகள் நியூயோர்க்கில் ஏலம் போயின. 1972 இல் சியர்ஸ் என்ற பெரிய விற்பனை நிறுவனத்துக்கு கோர்டுரோய்த் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. முதன்முறையாகப் பல பெண்களின் கையில் சொந்தச் சம்பளம் வந்தது. ஆனால் கடைக்காரர்கள் கேட்டது ஒரே அளவு, ஒரே மாதிரி. சொந்த விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெட்டி மிஞ்சிய கோர்டுரோய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் கட்டிலுக்குத் தாங்கள் நினைத்தபடி போர்வை தைத்தார்கள்.

2002 இல் ஹூஸ்டன் நகர நூதனசாலையிலும், பிறகு நியூயோர்க் விட்னி நூதனசாலையிலும் இந்தப் போர்வைகள் சுவரில் தொங்கின. பார்த்த விமர்சகர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு வியந்தார்கள். 2006 இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளை முத்திரையாக வெளியிட்டது. ஒரு காலத்தில் வயோதிபப் பெண்களின் பழைய துணி என்று கிடந்தவை ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியாகின.

ஆனால் கதை அங்கே இனிதாக முடியவில்லை. 2007 இல் தையல்காரப் பெண்கள் மூவர் நீதிமன்றம் போனார்கள். தங்கள் போர்வைகளின் வடிவங்கள் விரிப்புகளாகவும் வேறு பொருட்களாகவும் விற்கப்படும்போது தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. போர்வைகளைச் சேகரித்து உலகத்துக்குக் காட்டிய தரப்பு அதை மறுத்தது. 2008 இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஒரு பொருள் கட்டிலில் கிடக்கும்போது அதற்கு விலையும் இல்லை, செய்தவளின் பெயரும் இல்லை. சுவரில் ஏறியதும் விலை வருகிறது. அந்த விலையில் செய்தவளின் பங்கு எவ்வளவு?

இதை ஏன் எங்கள் ஊருக்குச் சொல்கிறேன்? எங்கள் வீடுகளிலும் உம்மாமாரும் மூத்தம்மாமாரும் தைத்தார்கள். கலியாண வீட்டுத் தலையணை உறை, பிள்ளைக்குத் தொப்பி, கிழிந்த சாரனுக்கு ஒட்டு. அதையெல்லாம் 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்தது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் எந்த நேரத்தில் சும்மா இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் இடப்பெயர்வுக்கும் பிறகு எங்கள் பல வீடுகளில் ஒரு பழைய புகைப்படம்கூட மிச்சமில்லை. அப்படியான இடத்தில், மிஞ்சியிருக்கும் ஒரு துண்டுத் துணியும் ஆவணம்தான். ஆனால் யாருடையது, யார் தைத்தது என்று தெரிந்தால் மட்டுமே அது ஆவணம். தெரியாவிட்டால் அது வெறும் பழந்துணி.

இனித் தைக்கும் முறைக்கு வருவோம். கீஸ் பெண்ட் பெண்கள் மிக அதிகமாகத் தைத்த வடிவம் 'வீட்டுக்கூரை'. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகள். மேலிருந்து கூரையைப் பார்ப்பது போல இருக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட இலகுவான வடிவம் எனக்குத் தெரியாது. தையல் மெசின் கட்டாயமில்லை, ஊசியும் நூலும் போதும்.

1. நன்கு கழுவிய பருத்தித் துணிகளை எடுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரன் பழசானால் மிக நன்று. சிவப்பும் கடும் நீலமும் சாயம் விடலாம், தனியாக ஒருமுறை ஊறவைத்துப் பாருங்கள். மிக மெல்லியதையும் மிகத் தடித்ததையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்.

2. நடுவுக்கு 4 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். மற்றத் துணிகளை 2.5 அங்குல அகலத்தில் நீள நீளமாக வெட்டுங்கள்.

3. சதுரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு நீளத் துண்டை, நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். மிஞ்சியதை வெட்டிவிட்டு, மடிப்பை விரலால் அழுத்தி விரியுங்கள். அடுத்த பக்கத்துக்கு அடுத்த துண்டு. இப்படி நாலு பக்கமும் முடிந்தால் ஒரு சுற்று.

4. மூன்று சுற்று முடிந்தால் 16 அங்குலச் சதுரம் கிடைக்கும். அதில் ஒரு குஷன் உறை தைக்கலாம். அப்படி நாலு செய்து சேர்த்தால் ஏறக்குறைய 31 அங்குலம். கைக்குழந்தைக்குப் போதும்.

5. கீழே ஒரு துணி, நடுவில் பழைய பெட்ஷீட் அல்லது துவாய், மேலே நீங்கள் ஒட்டிய துணி. கீழ்த்துணி மட்டும் நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மூன்றும் விலகாமல் ஊசி குத்தி, நடுவிலிருந்து வெளியே போகும்படி நூலோட்டமாகத் தையுங்கள். மூன்று படையையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது இந்தத் தையல்தான்.

6. கீழ்த்துணியின் கூடுதல் ஓரத்தை முன்பக்கமாக இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

கோடு கொஞ்சம் கோணலாகப் போனால் பிரிக்க வேண்டாம். விட்னியில் தொங்கியவற்றிலும் நேர்கோடு குறைவு.

ஏழாவதாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம். பின்பக்க மூலையில் நூலால் உங்கள் பெயரையும் வருடத்தையும் தையுங்கள். யாருடைய உடுப்பு என்றால் அவருடைய பெயரையும் சேருங்கள். 'வாப்பாவின் சாரன்' என்று இரண்டு சொல் போதும். வீட்டில் ஏற்கனவே பழைய தையல் ஏதும் இருந்தால், அதைத் தைத்தவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எப்போது தைத்தீர்கள், துணி எங்கே வாங்கினது, யாருக்காக என்று. சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை வேலையாகக் கொடுத்தாலும் நல்லது.

மிசூரி பெட்வேயின் பெயர் நமக்குத் தெரியக் காரணம் அவருடைய மகள் சொன்னது. மகள் சொல்லியிராவிட்டால், அது யாரோ ஒருவரின் பழைய நீலப் போர்வையாகவே இருந்திருக்கும்.