புகைக்குப் பெயர் வைத்தார்கள்

தானா ராத்தாவில் பனி இறங்கினால் எதிர்வீட்டு விளக்கு மட்டும்தான் தெரியும். அதனால் 'மொயாமொயா' என்றால் ஜப்பானிய மொழியில் புகைமூட்டம் மாதிரி என்று டாக்டர் சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அக்கா மகனுக்கு ஆறு வயது. சூடான மீ சூப்பை ஊதும்போது கரண்டி கையிலிருந்து நழுவும். அழுதாலும் வலது கை துவளும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அடம் பிடிக்கிறான் என்று நினைத்தோம். நானும்தான் திட்டினேன். வேகமாக ஊதினால், தேம்பி அழுதால், ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே ஒடுங்கிய குழாய் உள்ளவனுக்கு அது போதும்.

1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். மூளையின் ரத்தக்குழாய்கள் படத்தில் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான். 1957இல் தாக்கேயுச்சியும் ஷிமிசுவும் ஜப்பானில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இரண்டு பக்கத் தமனியும் சரியாக வளரவில்லை என்பது அவர்கள் கணிப்பு. உண்மையில் அது போகப்போக ஒடுங்குகிற நோய். 1969இல் செண்டாய் நகரத்து சுசுக்கியும் தக்காக்குவும் அதற்கு மொயாமொயா என்று பெயர் வைத்தார்கள். படத்தில் மூளையின் அடியில் புகைபோலத் தெரிந்த மெல்லிய குழாய் வலைதான் காரணம்.

எஞ்சினியராக எனக்கு இந்தப் பெயரில் ஒரு வருத்தம். நோய் என்பது ஒடுக்கம். புகை, உடம்பு தானே போட்டுக்கொண்ட மாற்றுவழி. இங்கே மண் சரிந்து ரோடு அடைத்தால் தோட்டத்து மண்பாதையில் வண்டி விடுவோமே, அதுமாதிரி. சுசுக்கி பிரித்த ஆறு கட்டங்களில் புகை முதலில் அடர்ந்து, பிறகு மெலிந்து, கடைசியில் காணாமலே போகிறது. படம் தெளிந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்!

ஒடுங்கியதை விரிக்க மாத்திரை கிடையாது. அமெரிக்காவில் டொனகியிடம் நுண்குழாய்த் தையல் கற்ற யாசர்கில், 1967இல் ஜூரிச்சில் நுண்ணோக்கியின் கீழ் தலைத்தோல் தமனியை மூளைத் தமனியோடு இணைத்தார். குழாய்களின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் சுற்றளவில்தான். பிறகு இந்த நோய்க்கும் அதைச் செய்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அளவுகூட இருக்காது. 1980 வாக்கில் மாட்சுஷிமா வேறு வழி கண்டார்: தமனியை வெட்டாமல், அதன் ஓட்டத்தோடேயே மூளையின் மேல் படியவைப்பது. ரத்தத்துக்கு ஏங்கும் மூளை, மாதக்கணக்கில் அதிலிருந்து புதுக்குழாய்களை இழுத்துக்கொள்ளும்.

அவனுக்குச் செய்தது இதைத்தான். நான்கு மாதம் ஆகிறது. காதுக்கு மேல் தழும்பில் முடி முளைத்துவிட்டது. அக்கா இன்னும் சூப்பை ஆற்றி ஆற்றித்தான் கொடுக்கிறாள்.