விண்மீன்களை அளந்த அருள்சகோதரிகள்



ஆண்டவர் விண்மீன்களை எண்ணி, அவற்றைப் பெயர் சொல்லி அழைப்பதாகத் திருப்பாடல் 147இல் நாம் செபிக்கிறோம். மனிதரும் அவற்றை எண்ணத் துணிந்த ஒரு காலம் இருந்தது. 1887இல் பாரிசில் கூடிய வானியல் அறிஞர்கள், வானம் முழுவதையும் படமெடுத்து, ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் ஒளியையும் குறித்து வைக்க முடிவு செய்தார்கள். ஏறக்குறைய 20 ஆய்வுக்கூடங்கள் வானத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. திருஅவை அறிவியலுக்குப் பகை என்று பலரும் பேசிய காலம் அது. 1891இல் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தை மீண்டும் நிறுவிய திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, இப்பணியில் அதையும் ஈடுபடுத்தினார்.

கண்ணாடித் தகடுகளில் படங்கள் சேர்ந்தன. அவற்றை அளக்கத்தான் ஆள் இல்லை. எனவே 1909இல் கர்தினால் பியெத்ரோ மாஃபி, குழந்தை மரியா சபையின் தலைவிக்குக் கடிதம் எழுதினார். நல்ல கண்பார்வை, பொறுமை, ஒரே வேலையை ஒழுங்காகச் செய்யும் மனம், இவை உள்ள இரு சகோதரிகள் வேண்டும் என்று கேட்டார். சபையின் ஆலோசகர்களுக்கு இதில் விருப்பமில்லை. நோயாளிகளையும் ஏழைப் பிள்ளைகளையும் பேண வந்தவர்களுக்கு வானத்தில் என்ன வேலை? நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். தலைவியோ, வந்த வேண்டுகோளில் இறைவனின் திருவுளத்தைக் கண்டு, சகோதரிகளை அனுப்பி வைத்தார்.

1910இல் இருவர் வந்தார்கள். பிறகு மேலும் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தகட்டிலுள்ள புள்ளி எங்கே இருக்கிறது என்று எண்களாகச் சொல்வார். மற்றவர் பேரேட்டில் எழுதிக்கொள்வார். ஒளி மிகுந்த விண்மீனின் புள்ளி பெரிதாகவும், மங்கியதன் புள்ளி சிறிதாகவும் இருக்கும். 1921 வரை இதே வேலை. மொத்தம் 4,81,215 விண்மீன்கள்! ஓய்வு நாளே இல்லாமல் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் வருகிறது.

விண்மீன்கள் நகர்கின்றன. ஆனால் அந்த நகர்வு மிகச் சிறியது என்பதால், பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டால்தான் தெரியும். 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவுகளை, இச்சகோதரிகள் எழுதியது உட்பட அந்தப் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். அதிலிருந்து 2000ஆம் ஆண்டில் ஏறக்குறைய 25 இலட்சம் விண்மீன்களின் நகர்வைக் கணித்து வெளியிட்டார்கள். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று ஆண்டவர் சமாரியாவில் சொன்னது நம் நினைவுக்கு வருகிறது.

திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920இல் இச்சகோதரிகளைச் சந்தித்துச் சிறப்பித்தார். ஆயினும், அந்த ஆய்வுக்கூடத்தின் கதையைச் சொன்னவர்கள் தந்தையரின் பெயர்களைச் சொன்னார்கள். இவர்களைச் 'சகோதரிகள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். (நம் திருவிழா அழைப்பிதழில் யார் யார் பெயர் வருகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.) ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், பழைய தாள்களை ஒழுங்குபடுத்திய இயேசு சபைத் தந்தை சபினோ மாஃபெயோவின் கையில் அந்தப் பெயர்கள் கிடைத்தன, 2016இல் செய்தியாக வெளிவந்தன. எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா பினார்தி, லுயிஜியா பான்செரி. இன்றைய திருப்பலியில் இந்நால்வரின் பெயரையும் சொல்லி மன்றாடுகிறோம்.