சிங்கப்பூர்ப் புற்றரைகள்

மணமக்களை வாழ்த்தும் பெரியோர் அவர்தம் குலம் அருகுபோல் வேரோட வேண்டும் என்பர். கடுங்கோடையிலும் வேர் மாளாத புல் அது. ஆனால் அவ்வருகுக்கு வெயில் வேண்டும். நிழலில் அது தேய்ந்துவிடும். மரநிழலும் ஈரமும் அமிலத்தன்மை மிக்க மண்ணும் கொண்ட சிங்கப்பூரில் அதற்கு எல்லாவிடத்தும் இடமில்லை. ஒரு நாட்டுப் புற்றரையை மனிதரின் விருப்பத்தினும் அந்நாட்டு மழையும் மண்ணுமே பெரிதும் தேர்ந்தெடுக்கின்றன.

இத்தீவு புல்லோடு பட்ட பாடு பெரிது. 19ஆம் நூற்றாண்டில் சீனத் தோட்டக்காரர்கள் காட்டை அழித்து மிளகும், தோல் பதனிட உதவும் கேம்பியரும் பயிரிட்டனர். கேம்பியர் இலையைக் காய்ச்சும் அடுப்புக்குச் சுற்றுக் காட்டு மரங்கள் இரையாயின. மண் சத்திழந்ததும் அவ்விடத்தைக் கைவிட்டு வேறு காடு தேடினர். விட்டுச்சென்ற நிலத்தை லாலாங் புல் கவர்ந்துகொண்டது. 1883இல் பூமலைத் தலைவர் கேன்ட்லி அளித்த அறிக்கை காடழிவை விரிவாகக் காட்டுகிறது. லாலாங்கைத் தீயிட்டாலும் பயனில்லை. மண்ணுக்குள் ஓடும் தண்டு மீண்டும் தளிர்க்கும். மலாயாத் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்த தமிழர்க்கு இப்புல்லின் பிடிவாதத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தேக்கா வட்டாரத்தின் கதை வேறு. ரோச்சோர் ஆற்றை அடுத்த தாழ்நிலத்தில் நீரும் புல்லும் இருந்தமையால் சிராங்கூன் சாலையோரம் கால்நடைத் தொழில் வளர்ந்தது; இந்தியர் பலர் அதில் ஈடுபட்டனர். எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்பது இடப்பெயராயிற்று. பிற்காலத்தில் பிள்ளைப்பேற்று மருத்துவமனைக்கும் அப்பெயரே வாய்த்தது விந்தைதான்! அருகிலேயே 1843இல் குதிரைப் பந்தயம் தொடங்கியது. 1933இல் பந்தயத்திடல் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது.

ஆங்கிலேயர் தம் நாட்டுப் புற்றரையை இங்கும் காண விரும்பினர். ஆனால் அவர்தம் புல்வகைகள் ஏறத்தாழ 15 முதல் 24 பாகை வெப்பத்தில் செழிப்பவை. இங்கோ நள்ளிரவிலும் வெப்பம் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே 1852இல் தோன்றிய கிரிக்கெட் சங்கத்தார் ஆடிய பாடாங் திடல் தோற்றத்தில்தான் ஆங்கிலம். (1943 ஜூலை 5ஆம் நாள் நேதாஜி இந்தியத் தேசியப் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டதும் அத்திடலில்தான்.)

இன்று சாலையோரங்களிலும் அடுக்குமாடி வீடுகளின் முன்னும் பரந்து கிடப்பது அகன்ற இலையுடைய மாட்டுப்புல். இதன் தாயகம் அமெரிக்க வெப்பநாடுகள். அமில மண்ணையும் ஈரத்தையும் ஓரளவு நிழலையும் பொறுத்து, தரையோடு தண்டு படர்ந்து வேர்விடுவதால் இங்கு நிலைபெற்றது. மெல்லிய இலையுடைய சிக்லாப் புல் கடலோர உப்பையும் தாங்கும், வளர்ச்சிதான் மெதுவு. திறந்தவெளி விளையாட்டுத் திடல்களுக்கு அருகின் இனங்களே ஏற்றவை.

ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் நீர் பாய்ச்சுவதைவிட நீர் வடியச் செய்வதே முதல் வேலை. மிதிபட்டு இறுகிய தரையைக் குத்தித் தளர்த்த வேண்டும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டலாகாது. ஒட்ட மழித்தால் வேர் மெலியும், களை புகும். வெட்டாமலே விட்டாலோ, காலி மனைகளில் இன்றும் லாலாங் வெண்கதிரோடு தலைதூக்குகிறது.