பள்ளி மாணவர்கள் செய்த 5 லட்சம் விமானங்கள்

1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசிய அதே நாள் இரவு, அமெரிக்கக் கடற்படையின் 6 வைல்ட்கேட் விமானங்கள் அங்கே தரையிறங்க வந்தன. இருட்டு, பதற்றம். அமெரிக்க வீரர்களே அவற்றைச் சுட்டார்கள். 3 விமானிகள் உயிரிழந்தனர்.

இருட்டில் மட்டுமல்ல, பகலிலும் இந்த ஆபத்து உண்டு. வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று சில நொடிகளில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயிற்சி தர 1942-ல் அமெரிக்கக் கடற்படை யாரைத் தேடிப் போனது தெரியுமா? பள்ளி மாணவர்களை! 50 வகை விமானங்கள், வகைக்கு 10,000 வீதம் மொத்தம் 5 லட்சம் மாதிரிகள் கேட்டது.

அளவு 1:72. கணக்கு எளிது. அந்த மாதிரியை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், 2,520 அடி, அதாவது ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் பறக்கும் நிஜ விமானம் போலவே தெரியும்.

மாணவர்கள் வரைபடத்தைப் பார்த்து மரத்தைச் செதுக்கினார்கள். அட்டையில் வெட்டிய அச்சை வைத்து வளைவுகளைச் சரிபார்த்தார்கள். பிறகு கருப்பு வண்ணம். வானத்தில் தெரிவது வெறும் நிழலுருவம்தானே! அளவு பிசகிய மாதிரிகள் நிராகரிக்கப்பட்டன.

இன்றும் 1:72 பிளாஸ்டிக் கிட்டுகள் கடையில் கிடைக்கின்றன. "இறக்கை 2 மி.மீ. குறைகிறது" என்று யாராவது குறை சொன்னால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அன்று, தவறான இறக்கையைப் பார்த்துப் பழகிய வீரன் தன் நண்பனையே சுட்டிருப்பான்.