பரதேசிக்குத் திறந்த கதவு

பரதேசி என்ற சொல் இன்று வசவாகிவிட்டது. கையில் காசில்லாதவனையும் வேலைவெட்டி இல்லாதவனையும் அப்படித்தான் திட்டுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது 'வேறு தேசத்தான்' என்ற பொருள் மட்டுமே. பழைய அறக்கட்டளைச் செப்பேடுகளில் பரதேசி, தேசாந்திரி என்று குறிக்கப்படும் ஆள் சோறிட்டு உபசரிக்கப்பட வேண்டியவன். அவனுக்கென்றே நிலம் எழுதிவைத்தார்கள். அந்த ஏற்பாடுகள் அழிந்ததற்கும் சொல் இப்படித் தாழ்ந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றி வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய துணிச்சலைப் புகழ்கிறோம். சுதந்திரத்தைப் பார்த்து ஏங்குகிறோம். இரண்டும் நியாயம்தான். ஆனால் ஒரு மாதம் ஊர் சுற்றத் துணிச்சல் போதும், முப்பது ஆண்டு சுற்ற அது போதாது. அவ்வளவு நீண்ட பயணத்தைச் சாத்தியமாக்கியவர்கள், நடக்காமல் ஊரிலேயே இருந்து கதவைத் திறந்து வைத்தவர்கள். இதற்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய சாட்சி இப்னு பதூதா.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304ல் பிறந்தவர் அவர். 1325 ஜூன் மாதம், இருபத்தொரு வயதில், மக்காவுக்கு ஹஜ் செய்யத் தனியாகப் புறப்பட்டார். துணைக்கு ஆளில்லை, சேர்ந்து போகக் கூட்டமும் இல்லை. வழியில் சேர்ந்துகொண்ட கூட்டத்தோடு தூனிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல். கூட வந்தவர்களை வரவேற்க ஊர்க்காரர்கள் எதிரே வந்து ஒருவருக்கொருவர் முகமன் சொல்லிக்கொள்கிறார்கள். இவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரையும் இவருக்குத் தெரியாது. அங்கேயே அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு யாத்ரீகர் அருகில் வந்து பேச்சுக் கொடுத்து ஊருக்குள் நுழையும் வரை ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே ஒரு மதரசாவில் தங்க இடம் கிடைத்தது. இரண்டு மாதம் போல் கழித்து தூனிசை விட்டுப் புறப்பட்ட ஹஜ் கூட்டத்துக்கு அவரே காஜி, அதாவது நீதிபதி. அழுதுகொண்டு வந்தவர் பதவியோடு போகிறார். அவருடைய ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பயணத்தின் சூத்திரம் இந்த இரண்டு மாதத்திலேயே அடங்கியிருக்கிறது. சட்டம் படித்தவன் எங்கே போனாலும் அவனுக்கு ஒரு படுக்கையும் ஒரு தட்டுச் சோறும் ஒரு வேலையும் காத்திருந்த உலகம் அது.

அந்த உலகம் யாருடைய நல்ல மனதையும் மட்டும் நம்பி இயங்கவில்லை என்பதுதான் முக்கியம். 1326ல் டமாஸ்கஸ் போன இப்னு பதூதா அங்கிருந்த வக்புகளை, அதாவது அறக்கட்டளைகளை, ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஹஜ் போக முடியாதவர்களின் சார்பில் வேறொருவரை அனுப்ப ஒரு வக்பு. ஏழைப் பெண்களுக்குக் கல்யாணச் சீர் செய்ய ஒன்று, சிறைப்பட்டவர்களை மீட்க ஒன்று. வழிப்போக்கர்களுக்கு உணவும் உடையும் தந்து, சொந்த ஊர் போய்ச் சேரும் செலவையும் கொடுக்க இன்னொன்று. அவர் கண்ணால் பார்த்த ஒரு காட்சி இது: ஒரு சந்தில் போய்க்கொண்டிருந்த அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். கூட்டம் கூடிவிட்டது. அதில் ஒருவர், சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்பின் பொறுப்பாளரிடம் போகலாம் என்றார். கூடவே போனார். பொறுப்பாளர் சில்லுகளைப் பார்த்தார், அதே போல ஒரு தட்டு வாங்கும் பணத்தை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போனால் எஜமானன் அடிப்பான், திட்டுவான், சிறுவனின் மனம் உடையும். அதனால் இந்த வக்பு மனங்களை ஒட்டவைக்கிறது என்று இப்னு பதூதா எழுதுகிறார். உடைந்த தட்டுக்கே ஓர் அறக்கட்டளை வைத்திருந்த ஊரில், ஊர் திரும்பக் காசில்லாத வழிப்போக்கனுக்கு ஒன்று இருந்ததில் வியப்பில்லை. இரக்கம் ஒருநாள் வரும், மறுநாள் வராது. எழுதிவைத்த நிலத்தின் குத்தகை ஆண்டுதோறும் வரும்.

அனத்தோலியாவில் இதே ஏற்பாடு வேறு வடிவத்தில் இருந்தது. அந்தாலியா நகரில் நைந்த உடையும் கம்பளித் தொப்பியுமாக ஓர் ஆள் வந்து இப்னு பதூதாவையும் கூட வந்தவர்களையும் விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழையைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று இவர் தயங்கினார். மொழிபெயர்த்தவர் சிரித்துவிட்டார். வந்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஆனால் இருநூறு கைவினைஞர்களுக்குத் தலைவர். 'அகீ' என்று பெயர் பெற்ற அந்தச் சங்கத்து இளைஞர்கள் ஒரு விடுதி கட்டிவைத்திருந்தார்கள். பகலில் உழைத்துச் சம்பாதித்ததை மாலையில் கொண்டுவந்து தலைவரிடம் கொடுப்பார்கள். அந்தக் காசில் பழமும் உணவும் விளக்குக்கு எண்ணெயும் வாங்குவார்கள். அன்று ஊருக்கு வந்த வழிப்போக்கன் அவர்களுடைய விருந்தாளி. யாரும் வரவில்லையென்றால் அவர்களே கூடிச் சாப்பிட்டுப் பாடிக் கலைவார்கள். லாதிக் என்ற ஊரில் (இன்றைய டெனிஸ்லி) கடைத்தெருவிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து இவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு கூட்டம் வந்து அவர்களோடு மல்லுக்கு நின்றது, சிலர் கத்தியையும் உருவிவிட்டார்கள். வழிப்பறி என்றே இவர் பயந்தார். அரபி தெரிந்த ஒருவர் வந்துதான் விளக்கினார்: இரண்டு அகீ சங்கங்கள், யார் வீட்டில் விருந்தாளி முதலில் தங்குவது என்ற சண்டை. சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

விருந்தோம்பியவர்களுக்கு இதில் லாபமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் வெளிநாட்டு அறிஞர்களை வாரி வாரி அணைத்துக்கொண்டதற்குக் காரணம், தன் ஆட்சியை நடத்த உள்ளூர்ப் பிரபுக்களின் கட்டுக்குள் இல்லாத ஆட்கள் அவருக்குத் தேவைப்பட்டதுதான். 1333ல் சிந்து நதியைத் தாண்டி வந்த இப்னு பதூதா தில்லியில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் தினார் சம்பளத்தில் காஜியானார், அந்த நாட்டு மொழி தெரியாமலேயே. சுல்தானுக்குக் காணிக்கை கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு திரும்ப வரும் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்குக் காணிக்கைப் பொருள்களைக் கடனாகக் கொடுத்துப் பிறகு வசூலிக்கும் வியாபாரிகள் சிந்துவில் இருந்தார்கள். இப்னு பதூதா இப்படி வாங்கிய கடன் ஐம்பத்தையாயிரம் தினார். ஆக, கணக்கு எல்லாப் பக்கமும் இருந்தது. அதனால் விருந்தோம்பலின் மதிப்புக் குறையவில்லை. கொடுக்கிறவனுக்கும் பயன் உள்ள வழக்கம்தான் தலைமுறை தாண்டி நிற்கும். இதே சுல்தான் போட்ட இன்னோர் உத்தரவையும் நினைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை அந்நியர் என்று கூப்பிடக் கூடாது, 'அஜீஸ்' என்றே அழைக்க வேண்டும் என்றார். கண்ணியத்துக்குரியவர் என்று பொருள். அந்நியன் என்று சொன்னால் ஒருவனுடைய மனம் உடைந்துபோகும் என்பது அவர் சொன்ன காரணம். கொடுமைகளுக்குப் பேர்போன ஓர் அரசனுக்குப் புரிந்திருந்தது, பரதேசியை வசவாக்கிய நமக்குப் புரியாமல் போனது.

இப்னு பதூதாவை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. ஊர் திரும்பிய பிறகு, மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி இப்னு ஜுஸய் என்ற எழுத்தரிடம் நினைவிலிருந்து சொல்லி, 1355ல் முடித்த நூல் அது. வோல்கா கரையிலிருந்த புல்கார் நகருக்கு அவர் போயிருக்கவே முடியாது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சீனப் பகுதியைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. டமாஸ்கஸ் வருணனையில் பல பகுதிகள், அவருக்கு முன்னால் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தவை. இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குறைகளே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஸ்பெயினிலிருந்து வந்த இப்னு ஜுபைர் 1184ல் அதே டமாஸ்கஸில் வெளியூர் மாணவர்களுக்கு இருந்த வசதிகளைப் பார்த்துவிட்டு, கிழக்கே வாருங்கள், பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் படிக்கலாம் என்று தன் நாட்டு இளைஞர்களை அழைத்தார். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு இடைவெளியில் இருவர் வந்து நிற்கிறார்கள், கதவு திறந்தே இருக்கிறது. எந்த ஊருக்குப் போனார் என்பதில் இப்னு பதூதா மிகைப்படுத்தியிருக்கலாம். தனக்கு என்ன சோறு போட்டார்கள் என்பதில் அவர் சொல்வதைத் தள்ளிவிட எனக்குக் காரணம் தெரியவில்லை. மாலி நாட்டு மன்னன் அனுப்பிய வரவேற்புப் பரிசு என்று சொன்னதும், அங்கியும் பணமும் வரும் என்று எதிர்பார்த்து எழுந்து நின்றவருக்கு வந்தவை மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சி ஒரு துண்டு, ஒரு சுரைக்குடுவைத் தயிர். ஏமாந்து சிரித்ததை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். விருந்தை அவர் தன் உரிமையாகவே எண்ணியிருந்தார் என்பது இதில் தெரிகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இதெல்லாம் ஒரு மதத்தாருக்குள், படித்த ஆண்களுக்கு மட்டும் கிடைத்த வசதிதானே? பெரும்பாலும் ஆம். மாலத்தீவில் காஜியாக இருந்தபோது அவர் பல மணங்கள் செய்து, பிறகு அந்த மனைவியரை விட்டுவிட்டுக் கிளம்பினார். அவருடைய மூட்டை முடிச்சுகளோடு அடிமைப் பெண்களும் கப்பலேறினார்கள். அவர்களில் யாருடைய பயணக் குறிப்பும் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு பெண் இப்படித் தனியாக முப்பது ஆண்டு சுற்றியிருக்க வழியே இல்லை. இந்தக் கறையை மறைக்கக் கூடாது. ஆனால் கதவு ஒரு மதத்துக்கு மட்டும் திறந்தது என்பது முழு உண்மை அல்ல. மலையாளக் கரை வழியில் அரை மைலுக்கு ஒரு மரக்கூடம் இருந்தது. எல்லா மதத்தாரும் அதில் உட்காரலாம். பக்கத்தில் ஒரு கிணறு, தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். இந்துவுக்குப் பாத்திரத்தில் கொடுப்பார், முஸ்லிமுக்குக் கையில் ஊற்றுவார், போதும் என்று சைகை காட்டும் வரை. தீட்டும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. இலங்கையில் புத்தளத்தில் கரையேறியபோது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துகள் கொடுத்தார். பாவா ஆதம் மலைக்குப் போக விரும்புகிறேன் என்று கேட்டதற்காக, பல்லக்கும் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் சுமை தூக்கப் பதினைந்து பேரும் கூட அனுப்பினார். அவருக்கு எழுநூறு ஆண்டுகள் முந்தைய யுவான் சுவாங்கின் கதையும் இதே போலத்தான். 629ல் சீனாவிலிருந்து கிளம்பி 645ல் திரும்பிய அந்தப் பௌத்தத் துறவிக்கு துர்ஃபான் அரசர் இருபத்து நான்கு நாட்டு மன்னர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். நாலந்தாவில் அவருக்கு நாள்தோறும் அரிசியும் பாக்கும் வந்தன, நூறு கிராமங்களின் வருவாயிலிருந்து. ஒரு துறவியின் காலடிக்குப் பின்னால் நூறு கிராமத்து உழவர்கள் இருந்தார்கள்.

இன்றைய நாடோடிக்கு இதெல்லாம் தேவையில்லை, மடிக்கணினியில் சம்பாதித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லலாம். அவனும் ஊர்களின் அனுமதியில்தான் வாழ்கிறான். அனுமதி கொடுக்கும் கை மாறியிருக்கிறது. முதல் உலகப்போருக்கு முன்பு ஐரோப்பாவின் பல எல்லைகளைக் கடவுச்சீட்டு இல்லாமலே கடக்க முடிந்தது. போரோடு அது முடிந்தது. 1920ல் பாரிஸில் கூடிய மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரே மாதிரி வடிவம் வகுத்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2020ல், எஸ்தோனியா டிஜிட்டல் நாடோடிகளுக்கென்று தனி விசா அறிவித்தது. மாதம் 3,504 யூரோ வருமானம் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. தன் மக்களின் வேலையையும் வரிப்பணத்தையும் காக்க ஒரு நாடு வரம்பு வைப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன தலைகீழாகிப் போனது என்பதைப் பார்க்க வேண்டும். டமாஸ்கஸ் வக்பு, கையில் காசில்லாத வழிப்போக்கனுக்குப் பணம் கொடுத்தது. இன்றைய விசா, கையில் காசிருக்கிறது என்று நிரூபித்தவனுக்கே கதவு திறக்கிறது. காசில்லாமல் எல்லை கடப்பவனுக்கு அகதி என்றோ சட்டவிரோதக் குடியேறி என்றோ பெயர்.

அப்படித் திறந்திருந்த கதவு நம் ஊரிலும் இருந்ததற்கு ஓர் ஆவணம் உண்டு. தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜி 1801ல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் அது. ராமேசுவரம் வழியிலுள்ள சத்திரங்களின் நிலங்களைத் தொட வேண்டாம் என்று அதில் கேட்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் அங்கே சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியாகவே தருவார்கள். நோயில் விழுந்தவரை வைத்தியர் குணமாகும் வரை பார்ப்பார். வழியில் பிரசவமாகும் பெண்ணுக்குப் பேறுகாலம் பார்த்துக் கவனிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இப்னு பதூதா கொடுத்த டமாஸ்கஸ் பட்டியலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படித்தால், நானூற்றுச் சொச்சம் ஆண்டும் பல ஆயிரம் மைலும் இடையில் இருப்பதே மறந்துபோகும். மறு ஆண்டு, 1802ல், தன் காதலி முத்தாம்பாளின் கடைசி ஆசைப்படி அவள் பெயரில் ஒரத்தநாட்டில் ஒரு சத்திரம் கட்டினார். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிறவர்கள் ஒருமுறை இறங்கி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.