பத்து நிமிட இருட்டு

1979-ல் நியூயோர்க்கில் பட்ரிஷியா மூர் என்றொரு வடிவமைப்பாளர் இருந்தார். வயசு 26. ரேமண்ட் லோவியின் பேர்பெற்ற நிறுவனத்தில் வேலை. குளிர்சாதனப் பெட்டிக் கதவு ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மூட்டுவாதம் உள்ளவர்களால் இதைத் திறக்க முடியுமா என்று கேட்டார். அந்த மாதிரி ஆட்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்று பதில் வந்தது. அதோட விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஒப்பனைக் கலைஞர் ஒருவரின் உதவியோடு தன்னைத் தள்ளாத பாட்டியாக மாற்றிக்கொண்டார். பார்வையை மங்கவைக்கிற கண்ணாடி, காதில் அடைப்பு, கைகால் மடங்காதபடி கட்டு. மூன்று வருஷம் இப்படியே அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 116 நகரங்களுக்குப் போனார். பாட்டி வேஷத்தில் இருந்தபோது ஒரு கும்பலிடம் மாட்டி அடியும் வாங்கினார். அந்தக் காயம் முழுதாக ஆறவே இல்லை.

விஆர் கண்ணாடியை வைத்து எல்லோருக்கும் ஏற்ற போன் செயலிகளை வடிவமைக்கிற கதையைத்தான் எழுத வந்தோம். அதற்கு மூரை முதலில் இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கண்ணாடி இன்று செய்வதாகச் சொல்லும் வேலையை அவர் தன் உடம்பை வைத்தே செய்துவிட்டார்.

தலையில் மாட்டும் திரைக்கும் வயசு கொஞ்சமில்லை. 1968-ல் ஐவன் சதர்லாண்ட் செய்த கருவி கூரையில் இருந்து தொங்கியது, அவ்வளவு பாரம். சாதாரண ஆட்களுக்கு அது எட்டியது 2014-க்குப் பிறகு. அந்த வருஷம்தான் கூகுள் அட்டைப்பெட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்தது, ஃபேஸ்புக் ஒக்யுலஸ் நிறுவனத்தை வாங்கியது. வடிவமைப்பாளர்களுக்கு உடனே ஆசை வந்தது. மூர் மூன்று வருஷம் பட்ட பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாமே!

ஆசை முழுக்கத் தப்பும் இல்லை. ஒரு செயலியை ஏசி அறையில் உட்கார்ந்து சோதிப்பது ஒன்று; ஆடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரையில் வெயில் தெறிக்க, கண்ணில் புரையோடு அதே பொத்தானைத் தேடுவது வேறொன்று. விஆர் இந்த இரண்டாவது நிலையை அறைக்குள்ளேயே உண்டாக்கித் தரும். யாருக்கும் ஆபத்தில்லாமல் பத்துத் தடவை திருப்பிச் செய்து பார்க்கலாம். எழுத்து சின்னது, நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன, பொத்தான் சக்கர நாற்காலியில் இருப்பவரின் கைக்கு எட்டாத மூலையில் நிற்கிறது: இதெல்லாம் பிடிபடும். வஹகோட்டையில் நாங்களும் ஒரு அட்டைக் கண்ணாடியை இரவல் வாங்கி, மங்கல் பார்வையில் போன் திரை எப்படித் தெரியும் என்று பார்த்தோம். வங்கிச் செயலி ஒன்றின் சாம்பல் நிற எழுத்து அப்படியே காணாமல் போனது. நல்ல பாடம்தான்.

சிக்கல் இருட்டில் தொடங்குகிறது. பார்வை மங்கலைக் காட்டுவது போலப் பார்வையின்மையையும் காட்டலாம் என்று நினைத்தால் அங்கேதான் கண்ணாடி ஏமாற்றுகிறது. ஆரியல் சில்வர்மன் பார்வையற்ற உளவியல் ஆய்வாளர். அவரும் சக ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு வேலைகள் செய்து பார்த்தவர்களிடம், பார்வையற்றவர்களால் எதெல்லாம் முடியும் என்று கேட்டார்கள். கட்டிப் பார்த்தவர்கள் இன்னும் குறைவாகவே மதிப்பிட்டார்கள். தடுமாறி விழுந்தவனுக்கு ஞாபகம் இருப்பது தடுமாற்றம்தானே. பத்து வருஷம் அப்படி வாழ்ந்தவரின் திறமை பத்து நிமிஷத்தில் எப்படித் தெரியும்?

ஜோன் ஹல்லின் கதை இதற்கு நேர் எதிர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி கற்பித்தவர். 1983-ல் பார்வை முழுவதும் போனபின் ஒலிநாடாவில் நாட்குறிப்புப் பேசி வைத்தார். அந்தக் குரலை வைத்து 2016-ல் ஒரு படமும் ஒரு விஆர் அனுபவமும் வந்தன. அதில் கறுப்புத் திரை மட்டும் இல்லை. ஒவ்வொரு சத்தமும் ஒரு பொருளைத் துலக்கிக் காட்டும். மழை பெய்தால் தோட்டமே வடிவம் கொள்ளும். கருவி பழையதுதான், ஆனால் யாருடைய அனுபவத்தில் இருந்து தொடங்கினார்கள் என்பது மாறிவிட்டது. வித்தியாசம் அங்கேதான் என்று எங்களுக்குப் படுகிறது.

போனுக்கு வருவோம். 2007-ல் ஐபோன் வந்தபோது பார்வையற்றவர்களுக்கு அது வெறும் வழுக்குக் கண்ணாடி. பழைய நோக்கியாவில் 5-ன் மேல் இருக்கும் சின்னப் புடைப்பை விரல் கண்டுபிடித்துவிடும். இதில் விரலுக்கு ஒன்றுமே இல்லை. பூனேயில் வளர்ந்து, 14 வயதில் பார்வை இழந்து, பிறகு கூகுளில் வேலை செய்த டி.வி. ராமனும் அவருடைய சகா சார்ல்ஸ் சென்னும் ஒரு வழி கண்டார்கள். திரையில் விரல் முதலில் எங்கே பட்டாலும் அதுதான் 5. மேலே இழுத்தால் 2, கீழே இழுத்தால் 8. பொத்தானைத் தேடவே தேவையில்லை, பொத்தான் விரலைத் தேடி வருகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் தடுமாறிய ஒருவருக்கு இது தோன்றியிருக்குமா? சந்தேகம்தான். அவர் பொத்தானைப் பெரிதாக்கச் சொல்லியிருப்பார். 2009-ல் ஐபோனில் வொய்ஸ்ஓவரும் ஆண்ட்ரோய்டில் டோக்பேக்கும் வந்து, வழுக்குக் கண்ணாடி பேசத் தொடங்கியது.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடுகை ஆய்வுக்கூடம், தட்டையான திரையிலேயே சொரசொரப்பையும் விளிம்பையும் விரலுக்கு உணர்த்தும் வழிகளைத் தேடுகிறது. விஆர் ஆய்வும் அவருடைய துறைதான். இலங்கையில் 1996-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது, 2006-ல் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வந்தன, 2016-ல் ஐ.நா. சாசனத்தை நாடு ஏற்றது. ஒழுங்குவிதிகள் கதைத்தது கட்டடங்களைப் பற்றி: சாய்தளம், கதவு, கழிப்பறை. இப்போது கட்டடத்துக்குப் போகாமலே பாதி வேலை போனில் முடிகிறது. அந்தப் போனுக்குச் சாய்தளம் எது?

எங்கள் ஊரில் அதற்கு ஒரு பதில் பாமினி எழுத்துருவில் ஒளிந்திருந்தது. ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவுக்கு வெளியூரில் இருந்து சனம் வரும். அப்போது வட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு பஸ் நேர அட்டவணையை டோக்பேக்கில் கேட்டோம். பார்க்க அழகான தமிழ். கேட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டது. ஆனால் பாமினியில் நாம் பார்க்கும் ‘அம்மா’ கணினிக்கு ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே தமிழே இல்லை. அதே அட்டவணையைப் படமாக அனுப்பினால் அந்தக் குப்பைகூட இல்லை, வெறும் மௌனம். போதாததற்கு ஊர்ப்பெயர்கள் சிங்களத்தில். தமிழ்க் குரல் பலநேரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

எத்தனை விலை கொடுத்து வாங்கிய விஆர் கண்ணாடியை மாட்டினாலும் இது தெரியாது. கண்ணாடி எழுத்தை மங்கலாக்கும், இருட்டாக்கும். எழுத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாது. பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது சரியான தமிழ். பிழை, கேட்கிறவருக்கு மட்டும்தான்.

அந்த அட்டவணையை யூனிகோடில் திருப்பி அடித்து, கலேவெல, தம்புள்ள, மாத்தளை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினோம். 40 நிமிஷம் பிடித்தது. பிறகு டோக்பேக்கைப் பல வருஷமாகப் பாவிக்கிற ஒரு அண்ணனிடம் கொடுத்தோம். அவர் போனின் வேகம் எங்கள் காதுக்குப் பிடிபடவே இல்லை, ஏதோ வண்டு இரைகிற மாதிரி. முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, நேரத்தை முதலிலும் ஊரைப் பிறகும் போடச் சொன்னார். பஸ்ஸுக்கு நிற்கிறவன் முதலில் கேட்பது எத்தனை மணி என்றுதானாம்.